ஏஐ தொடாம ஊர் ஏரியோட வரலாறு தேடுறது நடக்குற காரியமா?

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. காஞ்சிபுரம் மாவட்டத்துல உங்க ஊர் ஏரிதான் எம்.ஏ. பிராஜெக்ட், ஏஐ கருவி எதையும் தொடாம செய்யணும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க, கூடப் படிக்கிறவங்க எல்லாம் ரெண்டு நாள்ல முடியிறதை எதுக்குடா ரெண்டு மாசம் இழுக்குறேன்னு கேக்குறாங்க, கூகுள்ல எதைத் தேடினாலும் மேலயே ஏஐ பதில் வந்து நிக்குது, அப்ப ஏஐ இல்லாம ஆன்லைன்ல ஆராய்ச்சிங்கிறது இன்னைக்கு நடக்குமா நடக்காதா. நடக்கும். நான் அப்படித்தான் பண்ணிட்டு இருக்கேன். கல்வெட்டுத் தொகுதி, பழைய ரெவின்யூ ரிக்கார்டு, மேப்பு இதையெல்லாம் புரட்டுறது எனக்கு பதினஞ்சு வருஷப் பழக்கம், அதுல பாதிக்கு மேல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பண்ணதுதான். அதனால தெரிஞ்சதைச் சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

ரெண்டு வருஷம் முன்னாடி நானும் ஒரு தடவை ஒரு ஏஐகிட்ட கேட்டுப் பார்த்தேன். ஒரு சின்ன ஊர், அந்த ஊர் ஏரிக்கு யாராவது நிலம் விட்டதா கல்வெட்டு இருக்கான்னு கேட்டேன். ராஜா பேரு, ஆட்சியாண்டு, தென்னிந்தியக் கல்வெட்டுகள் இத்தனாவது தொகுதி இத்தனாவது எண்ணுன்னு அவ்வளவு தெளிவா பதில் வந்துச்சு. எனக்கு ஒரே சந்தோஷம், பல வருஷமா தேடுனது கிடைச்சிருச்சேன்னு. தொகுதியைத் திறந்து அந்த எண்ணைப் பார்த்தா வேற ஒரு மாவட்டத்துக் கோயில்ல நுந்தா விளக்கு எரிக்க ஆடு விட்ட செய்தி இருக்கு. ஏரியும் இல்ல, அந்த ஊர் பேரும் இல்ல. இது தப்புன்னு சொன்னேன், மன்னிப்பு கேட்டுட்டு இன்னொரு எண்ணைக் கொடுத்துச்சு, அதுவும் தப்பு, மூணாவதா கொடுத்த எண் அந்தத் தொகுதியிலயே கிடையாது. அன்னைக்கு ஒரு சாயந்திரம் முழுக்க இல்லாத ஒரு கல்வெட்டைத் தேடி அலைஞ்சேன். அந்த எண்ணைப் பார்க்காம அப்படியே எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது, ஏன்னா அந்த ஊர்க்காரங்க அதைப் படிச்சிட்டு கோயில் சுவர்ல போய் தேடியிருப்பாங்க.

ஏன் இப்படி ஆகுதுன்னா, கேள்விக்கு பதில் எப்படி இருக்கும்ங்கிற சாயல் அதுக்குத் தெரியும், சொல்லுக்குப் பக்கத்துல எந்தச் சொல் வரும்னு தெரியும், ஆனா அந்தப் பதிலைச் சொல்றதுக்காக அது எந்தப் புத்தகத்தையும் திறந்து பார்க்கணும்னு கட்டாயம் இல்ல. இப்ப வர்ற கருவிங்க இணையத்துல தேடிட்டு லிங்க்கோட பதில் தருது, உண்மைதான். ஆனா லிங்க்குல இருக்கிறதும் பதில்ல இருக்கிறதும் ஒண்ணாத்தான் இருக்கும்னு நம்ப முடியாது. ஐரோப்பிய ஒலிபரப்பு நிறுவனங்களோட கூட்டமைப்பும் பிபிசியும் சேந்து 2025 அக்டோபர்ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 18 நாட்டுல 14 மொழியில செய்தி பத்தின கேள்விகளைக் கேட்டு, 3000 பதிலுக்கு மேல பத்திரிகையாளர்களை வச்சே சரிபார்த்தாங்க. 45 சதவீதப் பதில்ல குறைஞ்சது ஒரு பெரிய தப்பு, 31 சதவீதத்துல மூலத்தைக் காட்டுற இடத்துலயே பெரிய கோளாறு. செய்திங்கிறது தினமும் ஆயிரம் பேர் எழுதுற சமாச்சாரம், அதுக்கே இந்த நிலைமை. உங்க ஊர் ஏரியைப் பத்தி இணையத்துல மொத்தமா நாலு பக்கம் இருந்தா பெருசு, அங்க எப்படி இருக்கும்னு யோசிங்க.

2023ல நியூயார்க்ல ஒரு விமானக் கம்பெனி மேல போட்ட கேஸ்ல வக்கீலுங்க சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை அப்படியே கோர்ட்ல தாக்கல் பண்ணாங்க, அதுல ஆறு தீர்ப்பு உலகத்துலயே இல்லாதது. நீதிபதி 5000 டாலர் அபராதம் போட்டார். அந்த வக்கீல் அது நிஜமான தீர்ப்புதானான்னு திரும்ப சாட்ஜிபிடிகிட்டயே கேட்டிருக்கார், அதுவும் ஆமாம்னு சொல்லியிருக்கு. எனக்கு அதுலதான் மனசு நிக்குது. தப்பு சொன்ன ஆள்கிட்டயே போய் நீ சொன்னது சரியான்னு கேட்டா என்ன பதில் வரும்.

ஆனா தம்பி, தப்பு வருதுங்கிறது மட்டும் என் காரணம் இல்ல. தப்பு நாளைக்கு குறையலாம். எனக்குப் பெரிய காரணம் வேற. தமிழ்ல ஊர் வரலாறுக்கு வேண்டிய சரக்குல பெரும்பகுதி மெஷின் சரியா படிக்க முடியாத நிலைமையிலதான் இணையத்துல கிடக்கு. ஸ்கேன் பண்ணி ஏத்தியிருப்பாங்க, உள்ள எழுத்தா இருக்காது, வெறும் படம். ஆர்கைவ் டாட் ஆர்க்ல ரொம்ப காலம் தமிழ் புத்தகத்தைத் திறந்து முழு எழுத்தைக் கேட்டா இந்த மொழியை எழுத்தாக்க முடியாதுன்னு ஒரு வரிதான் வரும். இப்ப எழுத்தாக்குது, ஆனா பழைய அச்சுல காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின புத்தகத்துல லை, னை எல்லாம் கொம்பு சுத்திக்கிட்டு வேற உருவத்துல இருக்கும், அதையெல்லாம் குழப்பிடுது. அது போக அரசு ஆவணம், பல்கலைக்கழக ஆய்வேடு இதுல நெறைய வானவில், பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சது, கண்ணுக்கு அழகா தமிழ்தான் தெரியும், காப்பி பண்ணி ஒட்டினா குப்பை குப்பையா இங்கிலீஷ் எழுத்தும் குறியும் வரும். தேடுபொறிக்கு அது தமிழே இல்ல. அப்ப ஏஐ உங்களுக்கு பதில் சொல்றது மிச்சம் இருக்கிற கொஞ்சூண்டுல இருந்துதான், பெரும்பாலும் சுற்றுலா பக்கம், போட்டித் தேர்வு குறிப்பு, ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதினது. ஆனா பதிலோட தோரணை எல்லாத்தையும் படிச்சிட்டு வந்த மாதிரி இருக்கும். எதைப் பார்க்கலங்கிறதை அது சொல்லாது. நீங்களே தேடினா எங்க பார்த்தோம் எங்க பார்க்கலன்னு உங்களுக்குத் தெரியும், ஆராய்ச்சியில பாதி அந்தத் தெரிதல்தான்.

உங்க ஊர்ப் பக்கத்துலயே உதாரணம் இருக்கு, உத்திரமேரூர். குடவோலைன்னா எல்லாருக்கும் தெரியும், பள்ளிக்கூடப் பாடத்துலயே இருக்கு. ஏஐகிட்ட கேட்டீங்கன்னா ஒரு ராஜா, ஒரு கல்வெட்டு, ஒரு விதிப்பட்டியல்னு கொடுத்துடும். போய்ப் பார்த்தா அங்க முதலாம் பராந்தகன் காலத்துல ரெண்டு கல்வெட்டு இருக்கு, ஒண்ணு அவனோட 12ஆவது ஆட்சியாண்டு, கி.பி. 919, இன்னொண்ணு 14ஆவது ஆட்சியாண்டு, 921. கல்வெட்டுத் துறை 1898ல படியெடுத்தது, வெங்கய்யா 1904-05 தொல்லியல் துறை ஆண்டறிக்கையில விரிவா எழுதியிருக்கார். முதல் கல்வெட்டுல வாரியத்துக்கு, அதாவது ஊர்ச் சபையோட குழுவுக்கு, நிக்கிறவன் வயசு 30க்கு மேல 60க்குள்ள, ரெண்டாவதுல 35க்கு மேல 70க்குள்ள. ரெண்டே வருஷத்துல சபை விதியை மாத்தி எழுதியிருக்கு! ஏன் மாத்துனாங்க, அந்த ரெண்டு வருஷத்துல என்ன நடந்துச்சு, முதல் ஏற்பாட்டுல யாராவது புகுந்து கெடுத்தாங்களா, இதான் கேள்வி, இதான் சுவாரஸ்யம். நான் ஒரு கருவியில சோதிச்சுப் பார்த்தப்ப ரெண்டு கல்வெட்டோட விதியையும் ஒண்ணா கலந்து ஒரே பட்டியலா வந்துச்சு. கலந்த உடனே அந்தக் கேள்வி செத்துப் போயிடுது. படிக்கிறவனுக்கு அங்க ஒரு கேள்வி இருந்ததே தெரியாது.

இன்னொண்ணும் பாருங்க. ரெண்டாவது கல்வெட்டுல 30 குடும்புல, அதாவது ஊர் வார்டுல, இருந்து முப்பது பேர் எடுத்து, 12 பேர் சம்வத்சர வாரியம்ங்கிற ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், மிச்ச 6 பேர் ஏரி வாரியம். உங்க தலைப்பே ஏரி, ஏரிக்குன்னு ஆறு பேர் கொண்ட வாரியம் ஒண்ணு ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடி உங்க ஊர்ல இருந்து கூப்பிடு தூரத்துல இருந்திருக்கு. கால் வேலிக்கு மேல (வேலிங்கிறது பழைய நில அளவு) வரி கட்டுற நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வேதம் படிச்சிருந்தா நில அளவுல சலுகை, முன்னாடி வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் நிக்க முடியாது, அவனோட சொந்தக்காரனும் நிக்க முடியாது. உலகத்தோட முதல் ஜனநாயகம்னு ஒரு வரியில முடிக்கிறாங்கல்ல, மூலத்தைப் படிச்சா அது ஒரு பிரமதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குத் தானமா விட்ட ஊர், அதோட சபை விதின்னு புரியும், யார் உள்ள யார் வெளியன்னு கண்ணு முன்னாடி தெரியும். பெருமையும் படலாம், கேள்வியும் கேக்கலாம், ரெண்டுக்கும் மூலத்தைப் படிச்சிருக்கணும். அங்க இருக்கிற ஏரிக்கு கல்வெட்டுல பேரு வைரமேகத் தடாகம், வைரமேகன்ங்கிறது பல்லவன் தந்திவர்மனோட பட்டப்பேரு. ஏரி சோழனுக்கு முந்தினது, வாரியம் சோழன் காலத்துக் கல்வெட்டுல வருது. இந்த முடிச்சை நீங்களா அவிழ்க்கும்போது வர்ற சந்தோஷம் இருக்கே, அதை யாரோ சுருக்கிக் கொடுத்தா வராது.

சரி, எப்படிப் பண்றதுன்னு வரேன்.

முதல்ல அந்த மேல வந்து நிக்கிற ஏஐ பதிலை எடுத்துடுங்க. கூகுள்ல தேடின பிறகு படங்கள், செய்திகள்னு வரிசையா இருக்குல்ல, அதுலயே வெப்னு ஒண்ணு இருக்கும், சில நேரம் மோர்ங்கிறதுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், 2024 மே மாசம் விட்டாங்க. அதைத் தட்டினா பழைய மாதிரி வெறும் லிங்க் மட்டும் வரும். ஒவ்வொரு தடவையும் தட்ட சலிப்பா இருந்தா பிரவுசர் செட்டிங்ஸ்ல தேடுபொறி முகவரியோட கடைசியில யுடிஎம் சமம் 14னு இங்கிலீஷ்ல சேத்து நிரந்தரமா வச்சுக்கலாம், எப்படின்னு தேடினா படத்தோட போட்டிருக்காங்க. தேடுற சொல்லுக்குப் பின்னாடி மைனஸ் போட்டு ஏஐன்னு இங்கிலீஷ்ல அடிச்சாலும் பல நேரம் அந்தப் பெட்டி வராது, எப்பவும் கைகொடுக்கும்னு சொல்ல மாட்டேன். டக்டக்கோல செட்டிங்ஸ்லயே ஏஐ பதிலை அணைச்சு வைக்க வசதி இருக்கு, நான் பெரும்பாலும் அதுலதான் தேடுறேன், தமிழுக்கு மட்டும் கூகுள் கொஞ்சம் தேவலை. பிடிஎஃப் திறந்தா சுருக்கித் தரட்டுமான்னு கேக்குற பட்டனையும் அணைச்சிடுங்க, களைப்பா இருக்கிற ராத்திரி பதினோரு மணிக்கு அந்தப் பட்டன் ரொம்ப ஆசை காட்டும்.

இதை விட கஷ்டமானது, ஏஐ எழுதிக் குவிச்ச பக்கங்க. நீங்க ஏஐயைத் தொடலைன்னாலும் தேடல்ல வர்ற பக்கமே அது எழுதினதா இருக்கலாம். கூகுள்ல பிஃபோர்னு இங்கிலீஷ்ல அடிச்சு கோலன் போட்டு 2022-11-30ன்னு தேதி போட்டா அதுக்கு முந்தின பக்கங்களா காட்டும், சாட்ஜிபிடி வெளிவந்த நாள் அது, அதனால அந்தத் தேதியை வச்சிருக்கேன். தேதி எல்லா பக்கத்துக்கும் சரியா இருக்காது, ஆனாலும் குப்பை நல்லா குறையும். கண்ணும் பழகிடும். இந்த ஏரி அப்பகுதி மக்களின் வாழ்வில் முக்கியப் பங்கு வகிக்கிறது, நம் முன்னோர்களின் நீர் மேலாண்மைக்கு சான்றாகத் திகழ்கிறதுன்னு நாலு பத்தி ஓடும், ஏரிக்கு எத்தனை மதகு, மிச்சத் தண்ணி வழியிற கலிங்கு எந்தப் பக்கம், ஏரித் தண்ணி பாயுற ஆயக்கட்டு நிலம் எவ்வளவு, எந்தக் கால்வாய்ல இருந்து தண்ணி வருதுன்னு ஒண்ணும் இருக்காது. ஊர் பேரை மாத்திப் போட்டா வேற எந்த ஏரிக்கும் பொருந்தும். அப்படிப் பொருந்துற பக்கத்தை உடனே மூடிடுங்க, மனுஷன் எழுதினதா இருந்தாலும் அதுல உங்களுக்கு ஒண்ணும் இல்ல.

அடுத்து சொல். தேடுறதுல முக்கால்வாசி எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுறோம்ங்கிறதுதான், இதை யார்கிட்டயும் விட்டுடாதீங்க. மதகுன்னு மட்டும் தேடினா பாதி போச்சு, கல்வெட்டுல தூம்புன்னு இருக்கும், குமிழின்னு இருக்கும், மடைன்னு இருக்கும். ஏரிக்கே தடாகம், வாவி, கண்மாய், தாங்கல், ஏந்தல்னு ஊருக்கு ஊர் வேற. இங்கிலீஷ் ரிக்கார்டுல போனா இடப்பேர் எல்லாம் வெள்ளைக்காரன் வாயில உருண்டு போயிருக்கும், காஞ்சிபுரம் கான்ஜீவரம், செங்கல்பட்டு சிங்கிள்புட், உத்திரமேரூர் பழைய அறிக்கையில உத்தரமல்லூர்னு இருக்கு. அது போக மாவட்ட எல்லை மாறிட்டே இருந்திருக்கு, 1997 வரைக்கும் காஞ்சிபுரம்னு தனி மாவட்டமே கிடையாது, அதனால பழைய புத்தகத்துல செங்கல்பட்டு மாவட்டத்துலதான் தேடணும். கல்வெட்டுல இன்னும் வேற, காலியூர்க் கோட்டத்து உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம்னு வரும், கோட்டம், நாடுங்கிறதெல்லாம் அந்தக் காலத்து நிலப் பிரிவு. உங்க ஊர் எந்தக் கோட்டம் எந்த நாட்டுக்குள்ள வந்துச்சுன்னு கண்டுபிடிச்சீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது, ஊர் பேர் மாறியிருந்தாலும் கோட்டத்தை வச்சுப் பிடிச்சிடலாம்.

சொல்லுக்கு அர்த்தம் தெரியலன்னா சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இருக்கு, 1924ல இருந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்தது, சிகாகோ பல்கலைக்கழகத்தோட தளத்துல தேடுற மாதிரியே போட்டிருக்காங்க, இலவசம். கல்வெட்டுச் சொல்லுக்குன்னே சுப்பராயலு பொறுப்புல சாந்தி சாதனா வெளியிட்ட தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி ரெண்டு தொகுதி இருக்கு. ஒரு சொல்லுக்கு லெக்சிகன்ல போனீங்கன்னா அந்தச் சொல் எந்த நூல்ல எந்தக் கல்வெட்டுல வந்துச்சுன்னு காட்டும், அங்க இருந்து அடுத்த இடத்துக்குப் போகலாம். நல்ல மூலம் எப்பவும் இன்னொரு மூலத்துக்கு வழிகாட்டும், எனக்கு அதான் அடையாளம்.

எங்க தேடுறதுன்னா, தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிங்க 1890ல ஹுல்ட்ஷ் தொடங்கினது, ஆர்கைவ்ல ஸ்கேன் கிடைக்குது, ஆறாவது தொகுதியில உத்திரமேரூர் கல்வெட்டுங்க வரிசையா இருக்கு. அதைத் திறந்து வேண்டிய எண்ணை மட்டும் படிச்சிட்டு மூடாதீங்க, முன்னாடி பத்து பின்னாடி பத்து படிங்க. நான் ஏரியைத் தேடிப் போய் பக்கத்து எண்ல தூம்பு கட்டினவன் பேரைப் பிடிச்சிருக்கேன், அந்தச் சொல்லைப் போட்டு நான் தேடியிருக்கவே மாட்டேன். கல்வெட்டு ஆண்டறிக்கைங்க 1887ல இருந்து இருக்கு, அதுல ஊர்வாரியா சுருக்கம் போட்டிருப்பாங்க, முதல்ல அதுல உங்க ஊரைத் தேடி எண்ணைக் குறிச்சுக்கிட்டு அப்புறம் தொகுதிக்குப் போங்க. சுருக்கம் எழுதினவரும் மனுஷன்தான், சில இடத்துல ஏரி பத்தின வரியை விட்டிருப்பார், அதனால மூலத்தைப் பார்க்காம சுருக்கத்தை மேற்கோள் காட்டாதீங்க.

வெள்ளைக்காரன் காலத்துக்கு குரோல் எழுதின செங்கல்பட்டு மாவட்ட மேனுவல், 1879, அதுல ஏரிப் பாசனம், மிராசு, வரி எல்லாம் விலாவாரியா இருக்கு. அதுவும் ஆர்கைவ்ல இருக்கு. அவன் கலெக்டர் ஆபீஸ் கண்ணுல பார்த்து எழுதினது, வரி வசூல்தான் அவன் கவலை, அதை மனசுல வச்சுட்டு படிக்கணும். மேப்புக்கு டெக்சஸ் பல்கலைக்கழகத் தளத்துல அமெரிக்க ராணுவம் 1950கள்ல போட்ட யு502 வரிசை மேப்பு இருக்கு, இரண்டரை லட்சத்துல ஒண்ணுங்கிற அளவு, சின்ன ஏரி தெரியாது, ஆனா பெரிய ஏரிங்க அன்னைக்கு எவ்வளவு விரிஞ்சிருந்துச்சுன்னு கண்ணால பார்க்கலாம். கூகுள் எர்த்ல பழைய வருஷப் படத்தைத் திருப்பிப் பார்க்கிற வசதியோட பக்கத்துல வச்சுப் பாருங்க, எங்க கரை போச்சு, எங்க பிளாட் போட்டாங்கன்னு தெரியும்.

இன்னைக்கு நிலவரத்துக்கு தமிழ்நாடு அரசோட இ-சேவை தளத்துல அ-பதிவேடு பார்க்கலாம், சர்வே எண் போட்டா அது ஏரிப் புறம்போக்கா பட்டாவான்னு வரும், புல வரைபடமும் எடுக்கலாம். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல இருந்தா பொதுப்பணித்துறை ஏரி, இப்ப நீர்வளத்துறை, அதுக்குக் கீழ இருந்தா ஊராட்சி ஒன்றிய ஏரி, இது தெரியாம எந்த ஆபீஸ்ல கேட்டாலும் அங்க போ இங்க போன்னு விரட்டுவாங்க. பொதுப்பணித்துறை ஏரியா இருந்தா டேங்க் மெமாயர்னு ஒரு ஆவணம் இருக்கும், 1883ல தொடங்கின ஏரிச் சீரமைப்புத் திட்டத்தோட வழி வந்தது, கரை நீளம், மதகு மட்டம், கலிங்கு அகலம் எல்லாம் அதுல இருக்கும். அதுக்கு நேர்ல போய் மனு கொடுத்து உக்காரணும். எந்த ஏஐயும் அந்த பீரோவைத் திறந்ததில்ல.

விக்கிபீடியா பார்க்கலாமான்னு நீங்க கேக்கலை, ஆனா சொல்லிடுறேன், தாராளமா பாருங்க, கட்டுரையை மேலோட்டமா படிச்சிட்டு நேரா அடிக்குறிப்புக்கு இறங்குங்க, வரலாறுங்கிற பக்கத்தைத் தட்டினா யார் எப்ப என்ன மாத்துனாங்கன்னு ஒவ்வொரு வரிக்கும் தெரியும். அந்த வெளிப்படைத்தனம் எனக்குப் பிடிக்கும். தமிழ் விக்கிமூலம் அதை விட நல்லது, நாட்டுடைமை நூல்களை ஸ்கேன் பக்கத்தையும் எழுத்தாக்கினதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்த்துட்டு வர்றாங்க, சந்தேகம் வந்தா படத்தைப் பார்த்து நீங்களே சரிபார்த்துக்கலாம். மதுரைத் திட்டம் 1998ல இருந்து இலக்கிய நூல்களை எழுத்தா போட்டு வச்சிருக்கு, அதுல நெறைய மனுஷங்க விரல் வலிக்க அடிச்சது. ஜேஸ்டோர்ல இலவசக் கணக்கு ஒண்ணு தொடங்குங்க, மாசம் 100 கட்டுரை வரைக்கும் ஆன்லைன்ல படிக்க விடுறாங்க, நூலக அனுமதி இல்லாத மாணவனுக்கு அது பெரிய உதவி.

இப்ப ஒரு நியாயமான கேள்வி வரும். ஸ்கேனை எழுத்தாக்குற ஓசிஆரும் மெஷின்தானே, கூகுள் தேடலுக்குள்ளயே ஏஐ இருக்குதே, அப்ப எங்க கோடு போடுறதுன்னு. நான் போட்டுக்கிட்ட கோடு இதுதான்: எந்தப் பக்கத்துல இருக்குன்னு கண்டுபிடிக்க மெஷினை விடுவேன், அந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு என் கண்ணுதான் படிக்கும். ஓசிஆர்ல ஏரின்னு தேடி 214ஆம் பக்கம்னு காட்டுச்சுன்னா அந்தப் பக்கத்தோட படத்தைத் திறந்து படிப்பேன், ஓசிஆர் எழுத்தை காப்பி பண்ணி மேற்கோள் போட மாட்டேன். ஓசிஆர் தப்புப் பண்ணா குதறின எழுத்தா வரும், பார்த்த உடனே தெரிஞ்சிடும். ஏஐ தப்புப் பண்ணா அழகான வாக்கியமா வரும். எனக்கு பயம் அந்த அழகுதான்.

நேரம் பத்தி உங்க நண்பர்கள் சொல்றதுல உண்மை இருக்கு, நான் மறைக்க விரும்பல. அவங்க ரெண்டு நாள்ல முடிப்பாங்க, நீங்க ரெண்டு மாசம் எடுப்பீங்க. ஆனா வைவாவுல வெளித்தேர்வாளர் ஒரு பக்கத்தைப் புரட்டி இந்த ஆட்சியாண்டை எப்படி கி.பி.க்கு மாத்துனீங்க, சக ஆண்டு ஏதாவது இருந்துச்சான்னு கேப்பார். உங்களுக்கு அந்தக் கல்வெட்டோட முதல் வரியே மனசுல நிக்கும், சக ஆண்டோட 78 கூட்டினீங்களா, ஆட்சித் தொடக்கத்துல இருந்து எண்ணினீங்களான்னு சொல்லிடுவீங்க. அதை விட முக்கியம், ஒரு ஏரியைப் பத்தி எழுதுறது வெறும் மார்க் சமாச்சாரம் இல்ல தம்பி. நாளைக்கு ஆக்கிரமிப்பு வழக்கு ஏதாவது வந்தா ஊர்க்காரங்க உங்க பிராஜெக்ட்டைத் தூக்கிட்டு ஓடுவாங்க, இதுல எழுதியிருக்கு பாருங்கன்னு. அதுல ஒரே ஒரு பொய்யான ரிக்கார்டு எண் இருந்தா எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடிச்சு மிச்ச உண்மையையும் சேத்துக் குப்பையில போடுவார். அதுக்காகவாவது ஒவ்வொரு எண்ணையும் நீங்க கண்ணால பார்த்ததா இருக்கணும்.

ஒரு நோட்டு போடுங்க, கம்ப்யூட்டர்லயே இருந்தாலும் சரி. எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினேன், எந்தத் தளம், எந்தத் தேதி, என்ன கிடைச்சுது, என்ன கிடைக்கலன்னு தினமும் எழுதுங்க. கிடைக்காததைக் கண்டிப்பா எழுதுங்க, ரெண்டு வாரம் கழிச்சு அதே சொல்லைத் திரும்பத் தேடி நேரம் போகாது. கிடைச்ச பக்கத்தை வேபேக் மெஷின்ல சேமிச்சிடுங்க, நம்ம அரசுத் தளங்க முகவரியை மாத்திட்டே இருக்கும், இன்னைக்கு இருந்த பிடிஎஃப் அடுத்த வருஷம் இருக்காது.

இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி, முடிஞ்சா இந்த ஞாயித்துக்கிழமையே, உங்க ஊர்ல நீர்க்கட்டி வேலை பார்த்தவங்க குடும்பம் யாராவது இருக்காங்களான்னு விசாரிங்க. மதகைத் திறந்து மூடி எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணின்னு முறை வச்சவங்க அவங்க. ஒவ்வொரு மதகுக்கும் அவங்க வாயில ஒரு பேர் இருக்கும், அந்தப் பேர் எந்த ரிக்கார்டுலயும் இல்லாம இருக்கலாம். அந்தப் பேரைக் கேட்டு எழுதிட்டு வந்து பிறகு தேட உக்காருங்க, உங்க தேடுசொல்லே மாறிடும். பெரியவருக்கு எண்பது வயசுக்கு மேல இருந்தா தள்ளிப் போடாதீங்க, தொகுதியும் மேனுவலும் ஆர்கைவ்ல அடுத்த மாசமும் இருக்கும்.

ஊர் பேரையும் பக்கத்து பெரிய கோயில் பேரையும் போடுங்க தம்பி. ஆண்டறிக்கையில எந்த வருஷம் அந்தப் பக்கம் படியெடுத்திருக்காங்கன்னு எனக்குத் தெரிஞ்சா சொல்றேன், இங்கிலீஷ்ல பழைய ரிக்கார்டுல உங்க ஊரை எப்படி எல்லாம் எழுதியிருக்க வாய்ப்பு இருக்குன்னு ஒரு நாலஞ்சு எழுத்துக்கூட்டலும் தரேன், அங்க இருந்து ஆரம்பிங்க.